கிரியாட்டினின் இருவருக்கும் 1.2, மருத்துவர் அம்மாவைப் பற்றி மட்டும் கவலைப்பட்டது ஏன்?

பதிவு 1 | கொள்ளிடத்தான்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 58, அம்மாவுக்கு 54. இருவருக்கும் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. சர்க்கரை நோய் இருவருக்கும் இல்லை. காலையில் ஒரே டப்பாவிலிருந்து ஆளுக்கொரு அம்லோடிபின் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். சென்ற வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் இருவருக்கும் கிரியாட்டினின் சரியாக 1.2 என்று வந்தது. தாளில் அச்சிட்டிருந்த இயல்பு வரம்பு 0.6 முதல் 1.2 வரை என்பதால் இருவருமே தப்பித்தார்கள் என்று நினைத்தோம். ஆனால் நாங்கள் புதிதாகப் பார்க்கத் தொடங்கியிருக்கும் மருத்துவர் அப்பாவின் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் தாளில் மட்டும் அந்த எண்ணை வட்டமிட்டு, சிறுநீரையும் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

இரத்த அழுத்தத்தால் சிறுநீரகம் கெடுவது ஆண்களுக்குத்தான் விரைவாக நடக்கும், பெண்களை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் இயக்குநீர் காக்கும் என்று நான் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அது தலைகீழாக இருப்பது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2 | ஆய்வகத்தார்

ஐயா, உங்கள் மருத்துவர் செய்தது சரி; தவறு அந்தத் தாளில் அச்சிட்ட வரம்பில் இருக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. தசை மிகுந்த உடலில் அது மிகுதியாக உண்டாகும், மெலிந்த உடலில் குறைவாக உண்டாகும். ஆகவே ஆணுக்கும் பெண்ணுக்கும் இரத்தத்தில் ஒரே அளவு தேங்கியிருக்கிறது என்றால், குறைவாக உண்டாக்கும் உடலின் சிறுநீரகம்தான் குறைவாக வெளியேற்றுகிறது என்று பொருள்.

கிரியாட்டினினைக் கொண்டு சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணிக்கும், 2021-இல் திருத்தப்பட்ட சூத்திரத்தில் வயதையும் பாலினத்தையும் இட்டுக் கணக்கிட்டேன். உங்கள் அப்பாவின் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர், உங்கள் அம்மாவுடையது 54. இந்த வேகம் மூன்று மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் அதை நாட்பட்ட சிறுநீரக நோய் என்று வகைப்படுத்துவார்கள்.

இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இரு பாலருக்கும் ஒரே வரம்பை அச்சிடும் பழக்கத்தை மாற்றச் சொல்லி நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். மென்பொருளை மாற்றினால் செலவாகும் என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில்.

பதிவு 3 | மருதம்

நான் சிறுநீரகவியலில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருக்கிறேன். கொள்ளிடத்தான் கேட்ட கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் பெற்றோரின் எண்கள் ஏன் அப்படி வந்தன என்பதற்கு ஆய்வகத்தார் பதில் சொல்லிவிட்டார். ஒரே அழுத்தம் ஆணின் சிறுநீரகத்தையும் பெண்ணின் சிறுநீரகத்தையும் வெவ்வேறு விதமாகத் தாக்குகிறதா என்பது வேறு கேள்வி.

இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் இருக்கிற நுண்குழாய் முடிச்சுக்கு முன்னால் ஒரு சிறு தமனி, மதகுபோல நிற்கிறது. உடலின் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 80-க்கும் 160-க்கும் இடையில் எப்படி ஏறி இறங்கினாலும், அந்த மதகு சுருங்கியும் விரிந்தும் முடிச்சுக்குள் போகும் அழுத்தத்தை ஒரே சீராக வைத்திருக்கும். பல ஆண்டுகள் அழுத்தம் மிகுந்தே இருந்தால் அதன் சுவர் தடித்து விறைத்துப் போகிறது. சில நெஃப்ரான்களில் வழி அடைபட்டு, இரத்தம் கிடைக்காமல் முடிச்சு சுருங்கி வடுவாகிவிடுகிறது. வேறு சிலவற்றில் மதகு மூடும் திறனை இழந்து, வெளியே இருக்கும் அழுத்தம் அப்படியே உள்ளே பாய்ந்து முடிச்சின் வடிகட்டும் சல்லடையைக் கிழிக்கிறது. சிறுநீரில் அல்புமின் என்ற இரத்தப் புரதம் தென்படத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைச் சேதத்தால்தான்.

பாலின வேறுபாடு இதில் எங்கே நுழைகிறது என்பதற்கு எலிகளில் கிடைத்த விடைதான் மிகத் தெளிவானது. கியோத்தோவில் ஒகமோட்டோவும் அவோக்கியும் 1963-இல் அறிவித்த, தானாகவே இரத்த அழுத்தம் ஏறும் எலி இனத்தில், ஆண் எலிகளின் அழுத்தம் பெண் எலிகளின் அழுத்தத்தைவிட மிகுதி. ஆண் எலியின் விதைகளை நீக்கினால் அழுத்தம் பெண்ணின் அளவுக்கு இறங்குகிறது. முட்டையகத்தை நீக்கிய பெண் எலிக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் இயக்குநீரைக் கொடுத்தால் ஏறுகிறது. மிசிசிப்பியில் ஜேன் ரெக்கல்ஹாஃப் குழுவினர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, டெஸ்டோஸ்டிரோன் இருக்கும்போது உப்பை வெளியேற்றுவதற்கே சிறுநீரகத்துக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது என்று காட்டினார்கள். கலிஃபோர்னியாவில் அலிசியா மெக்டொனோவின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது: பெண் எலியின் நெஃப்ரான், உப்பைத் தொடக்கப் பகுதியில் குறைவாகவும் கடைப்பகுதியில் மிகுதியாகவும் உறிஞ்சிக்கொள்கிறது, திடீரென்று உப்புக் கரைசலை ஏற்றினால் அதை ஆண் எலியைவிட விரைவாக வெளியேற்றிவிடுகிறது.

இரத்த அழுத்தத்தை ஏற்றும் இயக்குநீரான ஆஞ்சியோடென்சினைப் பற்றியும் ஒரு செய்தி. அது பற்றிக்கொள்ளும் ஏற்பிகளில் முதல் வகை குழாயைச் சுருக்கி வடுவை வளர்க்கிறது, இரண்டாம் வகை அதை எதிர்க்கிறது. அந்த இரண்டாம் வகைக்கான மரபணுவும், ஆஞ்சியோடென்சினைச் சிதைத்து நன்மை தரும் துண்டாக மாற்றும் ஏ.சி.இ.-2 என்ற நொதிக்கான மரபணுவும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் தராசை இந்தக் காக்கும் தட்டின் பக்கம் சாய்க்கிறது.

பதிவு 4 | ஐயப்பாடு

மருதம் அவர்களின் விளக்கம் அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதே எனக்கு ஐயத்தைத் தருகிறது. எலிக்குப் பெண்களைப் போல மாதவிடாய் நின்றுபோவதில்லை. அது ஊறுகாயும் அப்பளமும் தின்பதில்லை, இரவுப் பணிக்குப் போவதில்லை, மாத்திரையை மறப்பதில்லை. மனிதர்களிடம் என்ன தெரிந்திருக்கிறது என்று பாருங்கள்.

நியூயார்க்கைச் சேர்ந்த நியூகார்ட்டனும் சக ஆய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டில் 68 ஆய்வுகளையும் 11,345 நோயாளிகளையும் ஒன்றுதிரட்டி, சர்க்கரை நோய் அல்லாத சிறுநீரக நோய்கள் ஆண்களிடம் விரைவாக முற்றுகின்றன என்று முடிவு சொன்னார்கள். ‘பெண்களுக்குப் பாதுகாப்பு’ என்ற பேச்சுக்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது இதைத்தான். மூன்று ஆண்டுகள் கழித்து ஜஃபாரும் அவருடைய குழுவினரும் 11 மருந்துச் சோதனைகளில் பங்கேற்றவர்களின் தனித்தனிப் பதிவுகளை எடுத்து, இரத்த அழுத்தத்தையும் சிறுநீர்ப் புரதத்தையும் சமன்செய்து பார்த்தபோது, பெண்களுக்கு நோய் மெதுவாக முற்றுகிறது என்பதற்கே சான்று கிடைக்கவில்லை. சமன்செய்த கணக்கில் பெண்களின் நிலை சற்று மோசமாகவே தெரிந்தது. ஒரே பொருள், இரண்டு முடிவுகள். பாதுகாப்பு உண்டு என்று உறுதியாகச் சொல்வதற்கு இது போதாது.

பதிவு 5 | மருதம்

ஐயப்பாடு அவர்களே, அந்த இரண்டு ஆய்வுகளும் முரண்படுவதாக நான் கருதவில்லை. ஜஃபார் எடுத்துக்கொண்ட சோதனைகளில் இருந்த பெண்களில் பலர் மாதவிடாய் நிற்கும் வயதைக் கடந்தவர்கள் என்பதை அந்தக் கட்டுரையே சொல்கிறது. ஈஸ்ட்ரோஜன் காப்பது உண்மையானால், அது நின்றபின் காப்பும் நிற்க வேண்டும் அல்லவா? தவிர, அழுத்தத்தையும் புரதத்தையும் சமன்செய்தால், பாலினம் எந்த வழியாகச் செயல்படுகிறதோ அந்த வழியையே அடைத்துவிடுகிறோம்.

கிரியாட்டினினை நம்பாமல் நேரடியாக அளந்த ஓர் ஆய்வும் இருக்கிறது. நார்வேயின் ட்ரோம்சோ நகரில் 50 முதல் 62 வயது வரையிலான, சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ இதய நோயோ இல்லாத 1,837 பேரின் இரத்தத்தில் அயோஹெக்சால் என்ற பொருளைச் செலுத்தி, சிறுநீரகம் அதை எவ்வளவு நேரத்தில் நீக்குகிறது என்று பல ஆண்டு இடைவெளிகளில் அளந்தார்கள். தொடக்கத்தில் பெண்களின் வடிகட்டும் வேகம்தான் குறைவு. ஆனால் ஆண்டுதோறும் இழந்த அளவு ஆண்களுக்கு ஏறத்தாழ 1.2 மில்லிலிட்டர், பெண்களுக்கு 1-க்குச் சற்றுக் குறைவு. வேறுபாடு சிறியதுதான், ஆனாலும் இருக்கிறது.

பதிவு 6 | செம்பருத்தி

இதுவரை நீங்கள் எல்லோரும் பெண்ணின் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசும்போது பிள்ளைப்பேற்றை யாருமே சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

என் முதல் கருவின் எட்டாம் மாதத்தில் கால்கள் வீங்கின, அழுத்தம் 170-க்கு ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. பிரிஎக்ளாம்சியா என்றார்கள். அவசரமாக அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆறு வாரங்களில் அழுத்தம் இறங்கிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பின் பதினாறு ஆண்டுகளில் ஐந்து மருத்துவர்களையாவது பார்த்திருப்பேன். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் உண்டா, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று அனைவரும் கேட்டார்கள். கர்ப்ப காலத்தில் என்ன நடந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இப்போது எனக்கு வயது 43; அழுத்தம் மீண்டும் வந்திருக்கிறது. அந்தப் பழைய நிகழ்ச்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதிவு 7 | மருதம்

அம்மா, உண்டு, நீங்கள் சுட்டிக்காட்டியதற்கு நன்றி. நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நார்வேயில் 1967 முதல் எல்லாப் பிறப்புகளையும் பதிவு செய்து வருகிறார்கள். அந்தப் பதிவேட்டைச் சிறுநீரகச் செயலிழப்புப் பதிவேட்டோடு இணைத்து விக்சேயும் சக ஆய்வாளர்களும் 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் பேற்றில் பிரிஎக்ளாம்சியா வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 4.7 மடங்கு. இதைப் படித்து அஞ்ச வேண்டாம்: 5,70,433 பெண்களில் அந்த நிலைக்குப் போனவர்கள் மொத்தம் 477 பேர் மட்டுமே, ஆகவே பல மடங்கானாலும் அது சிறிய எண்தான்.

அந்த நோயில் நஞ்சுக்கொடி வெளிவிடும் ஒரு புரதம், சல்லடையின் உட்சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உட்சுவர்ச் செல்கள் வீங்குகின்றன, புரதம் ஒழுகுகிறது. பேற்றுக்குப் பின் பெரும்பாலும் அது ஆறிவிடும். முன்னரே பலவீனமாக இருந்த சிறுநீரகத்தைக் கர்ப்பம் வெளிக்காட்டியதா, கர்ப்பமே பலவீனப்படுத்தியதா என்று பிரித்துச் சொல்வது கடினம். எப்படியானாலும், உங்கள் வரலாற்றை அடுத்த முறை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீர் அல்புமினையும் கிரியாட்டினினையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு 8 | ஐயப்பாடு

‘முன்னரே பலவீனமாக இருந்ததா’ என்று மருதம் எழுதியது இந்த இழை முழுவதற்கும் பொருந்தும். இரத்த அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்கிறோம். சிறுநீரகம் குறைபட்டதால்தான் அழுத்தம் வந்திருக்கக் கூடாதா? ஜெர்மனியில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களில் நெஃப்ரான்களை எண்ணிப் பார்த்து 2003-இல் வெளியிட்டார்கள். இரத்த அழுத்தம் இருந்த பத்துப் பேருக்கு ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 7 லட்சம், இல்லாத பத்துப் பேருக்கு ஏறத்தாழ 14 லட்சம். பாதி! நெஃப்ரான்களின் எண்ணிக்கை பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது, எடை குறைந்து பிறந்தவர்களுக்குக் குறைவாக இருக்கிறது என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு ‘இரத்த அழுத்தத்தால் வந்த சிறுநீரக நோய்’ என்று பல்லாண்டுகள் எழுதி வந்ததில் பெரும்பகுதி, ஏ.பி.ஓ.எல்.-1 என்ற மரபணுவின் மாற்றங்களோடு பிணைந்தது என்று 2010-இல் தெரிய வந்தது. காரணம் எது, விளைவு எது என்பதே இப்படிக் குழம்பியிருக்கும்போது, அதற்குள் ஆண், பெண் வேறுபாட்டைத் தேடுவது இருட்டறையில் ஊசி தேடுவதுதான்.

பதிவு 9 | கொள்ளிடத்தான்

எல்லோருக்கும் நன்றி. ஒரு புதிர் மட்டும் இன்னும் தெளியவில்லை. நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதாகக் கணக்கிடப்படுவோரில் பெண்களே மிகுதி என்கிறார்கள். ஆனால் நான் பார்த்த டயாலிசிஸ் அறைகளில் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நோய் இங்கே, சிகிச்சை அங்கே என்பது எப்படி?

பதிவு 10 | ஆய்வகத்தார்

எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். ஆண்களுக்கு நோய் விரைவாக முற்றுவது ஒரு காரணமாக இருக்கலாம். சூத்திரம், வயதான மெலிந்த பெண்களில் சிலரை அவசியமின்றி 60-க்குக் கீழே தள்ளிவிடுவதும் நடக்கும். ஆனால் இவை இரண்டையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. இந்தியாவில் 1995 முதல் 2021 வரை நடந்த 36,640 உறுப்பு மாற்று அறுவைகளில் பெண்களுக்குக் கிடைத்தவை 6,945 மட்டுமே. அதே நேரத்தில் உயிருடன் உறுப்பு கொடுப்பவர்களில் பெண்களே மிகப் பெரும்பான்மை. மனைவி கணவனுக்கும் தாய் மகனுக்கும் கொடுப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். ஏ.சி.இ.-2 மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்பது இதை விளக்காது.

பதிவு 11 | செம்பருத்தி

ஆய்வகத்தார் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மருதம் அவர்களிடம் ஒரு கேள்வி: ஈஸ்ட்ரோஜன் காக்கும் என்றால், மாதவிடாய் நின்றபின் அதை மாத்திரையாக எடுத்துக்கொண்டால் சிறுநீரகத்துக்கு நல்லதுதானே? என் உறவினர் ஒருவர் அப்படித்தான் சொல்லித் திரிகிறார்.

பதிவு 12 | மருதம்

அதற்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாய்வழி எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் நேராகக் கல்லீரலுக்குப் போய், ஆஞ்சியோடென்சினுக்கு மூலப்பொருளான புரதத்தை மிகுதியாகச் சுரக்கச் செய்கிறது. கருத்தடை மாத்திரை எடுக்கும் சில பெண்களுக்கு அழுத்தம் ஏறுவதற்கு இது ஒரு காரணம். உடல் தானே சுரப்பதும் நாம் விழுங்குவதும் ஒன்றல்ல.

மருந்து என்று வந்தபின் இதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரைகளில் முதன்மையான ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் வகைகளைக் கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது. குறிப்பாக நான்காம் மாதத்துக்குப் பின் அவை கருவின் சிறுநீரகத்தையே கெடுக்கும். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண் இவற்றைத் தொடங்குமுன் மருத்துவரிடம் இதைப் பேசியே ஆக வேண்டும். கர்ப்ப காலத்தில் லேபட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவை இருக்கின்றன. ராமிப்ரில் வகையால் வரும் வறட்டு இருமலும் பெண்களுக்கே மிகுதி. பலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்து அழுத்தத்தோடு வந்து நிற்கிறார்கள். அழுத்தத்தை 120-க்குக் கீழே இறக்கலாமா என்று பார்த்த, 2015-இல் வெளியான பெரிய அமெரிக்கச் சோதனையில்கூடப் பங்கேற்ற 9,361 பேரில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். பெண்களுக்கென்று தனி இலக்கு வகுக்கும் அளவுக்கு நம்மிடம் தரவு சேரவில்லை என்று ஐயப்பாடு சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

பதிவு 13 | கொள்ளிடத்தான்

சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அம்மாவோடு அப்பாவுக்கும் எடுத்துவிடலாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். அல்புமின், கிரியாட்டினின் விகிதம் அம்மாவுக்கு 14, அப்பாவுக்கு 210. அம்மாவுக்கு சிஸ்டாட்டின்-சி என்ற சோதனையும் செய்தார்கள். அதன்படி கணக்கிட்டால் வடிகட்டும் வேகம் 66 என்று வருகிறது. யாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று தெரியாமல் குழம்பிப் போயிருக்கிறோம்.

பதிவு 14 | ஆய்வகத்தார்

சிஸ்டாட்டின்-சி தசையைப் பெரிதும் சார்ந்ததல்ல. ஆகவே அம்மாவுக்கு 54-ஐவிட 66 உண்மைக்கு நெருக்கமாக இருக்கலாம். விகிதம் 30-க்குக் கீழே இருந்தால் இயல்பு. இதிலும் ஒரு பாலின வேறுபாடு உண்டு: பெண்களின் சிறுநீரில் கிரியாட்டினின் குறைவு என்பதால், அல்புமின் ஒரே அளவாக இருந்தாலும் அவர்களுடைய விகிதம் கூடுதலாகவே தெரியும். அப்படியிருந்தும் அம்மாவுக்கு 14 என்பது ஆறுதல். அப்பாவின் 210-ஐத்தான் பார்க்க வேண்டும். ஆனால் காய்ச்சலோ கடும் உழைப்போ இருந்த நாளில் எடுத்திருந்தால் அது தானாகவே ஏறும். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைக் கொண்டுபோய் மீண்டும் பாருங்கள்.

பதிவு 15 | மருதம்

நானும் அதையே சொல்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இருவரும் அம்லோடிபின் மட்டும் எடுப்பதாக எழுதியிருந்தீர்கள். அது அழுத்தத்தை நன்றாகக் குறைக்கும். ஆனால் நான் முன்பு சொன்ன மதகை அது விரித்து வைக்கிறது. ஐயப்பாடு குறிப்பிட்ட அமெரிக்கக் கறுப்பின மக்களிடமே நடந்த ‘ஆஸ்க்’ சோதனையில், சிறுநீரில் புரதம் போனவர்களுக்கு ராமிப்ரில் அம்லோடிபினைவிடச் சிறப்பாகக் காத்ததால், அம்லோடிபின் பிரிவை 2000-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அப்பாவுக்கு மறுசோதனையிலும் அல்புமின் மிகுந்திருந்தால், ராமிப்ரில் அல்லது டெல்மிசார்ட்டன் வகை ஒன்றைச் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தொடங்கியபின் ஒன்றிரண்டு வாரங்களில் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30 விழுக்காடு வரை ஏறினால் அஞ்சி நிறுத்த வேண்டியதில்லை. அம்மாவின் மாத்திரையை இப்போது மாற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

பதிவு 16 | ஐயப்பாடு

அப்பாவின் தாளில் யாரும் வட்டம் போடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்காக நீங்கள் கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் அப்பாவுடைய சிறுநீரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பதிவு 17 | கொள்ளிடத்தான்

உண்மைதான். அப்பா நேற்று வாழைத்தோப்பில் மண் அணைத்துக்கொண்டிருந்தார். மாதிரி கொடுத்த அன்றும் விடியற்காலையிலிருந்து அதே வேலைதான் என்று இப்போதுதான் சொல்கிறார். இரண்டு நாள் தோப்புப் பக்கம் போகக் கூடாது என்று அம்மா மண்வெட்டியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். வியாழக்கிழமை காலை முதல் சிறுநீரைக் கொடுக்கப் போகிறோம். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.